மூன்று சென்ட் ஆணைக்கு ஓர் உரை

இலவச வீட்டுமனைப் பட்டா என்று நாம் சொல்வது வருவாய்த்துறை ஏட்டில் வீட்டுமனை ஒப்படை ஆணை. வருவாய் நிலை ஆணை 21 அதற்கு அடிப்படை. பெரும்பாலும் ஒரே ஒரு தாள். யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு என்பது முதலில் வரும். அதன் கீழே நிபந்தனைகள், கடைசியில் வட்டாட்சியரின் கையொப்பமும் கோபுர முத்திரையும். தமிழ்நாட்டு ஏழை வீடுகளில் இதைப்போலப் பத்திரப்படுத்தப்படும் காகிதம் வேறில்லை.

இந்த ஆணை ஒரு நரிக்குறவர் குடும்பத்தின் கைக்கு வரும்போது அதன் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம். வாசகம் வட்டத்துக்கு வட்டம் கொஞ்சம் மாறும், நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. ஆகவே குறிப்பிட்ட ஓர் ஆணையை அப்படியே எடுத்தெழுதவில்லை. வழக்கமான படிவத்தின் சாரத்தை வரிவரியாக மேலே வைத்து, கீழே உரை சொல்கிறேன்.

களம் உடுமலைப்பேட்டை. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை கோவை மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குப் போகும் சாலையும் ரயில் பாதையும் ஊர் வழியே போகின்றன. பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டமும் சபரிமலைக்குப் போகும் மாலை போட்ட கூட்டமும் வருடத்தில் பாதி மாதங்கள் இந்தச் சாலையில் உண்டு. கூட்டம் நடக்கும் சாலையில் பாசிமணி விற்பவர்களும் நடப்பார்கள்.

“பெறுநர்: திருமதி ……, க/பெ ……, கதவு எண் ……, …… கிராமம், உடுமலைப்பேட்டை வட்டம்.”

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இப்போது இந்த ஆணைகள் வீட்டுப் பெண்ணின் பெயரில் வருகின்றன. நரிக்குறவர் குடும்பத்துக்கு இது மிகவும் பொருத்தம், ஏனென்றால் சம்பாத்தியத்தில் பெண்ணின் கை பாதிக்கு மேல். உடுமலைப் பேருந்து நிலையத்துக்கு வெளியே துணி விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கைகளைக் கவனியுங்கள். இடது கையில் மெல்லிய கம்பி, வலது கையில் சின்னக் கொறடு. மணிக்குள் கம்பியை நுழைத்து, நுனியைக் கொறடால் வளையமாக்கி, அடுத்த மணியின் வளையத்தில் கோத்து இறுக்குகிறார். கண் கையில் இல்லை. எதிரே போகிறவர்கள் மேல் இருக்கிறது. மடியில் கிடக்கும் பிள்ளை தூங்குகிறது. துணியின் ஓரத்தில் ஊசி, சேப்டி பின், சீப்பு, துளசி மாலை, ருத்திராட்சம். இந்தக் கடைக்கு வாடகை இல்லை. அதனால் இந்த இடத்தை விட்டு எந்த நிமிடமும் எழுப்பப்படலாம்.

அந்தப் பெண்ணிடம் கதவு எண் கேட்கிறது ஆணை. கதவு இருந்திருந்தால் மனு கொடுத்திருக்க மாட்டார். ரேஷன் கார்டுக்கு முகவரி வேண்டும், ஆதாருக்கு முகவரி வேண்டும், பட்டாவுக்கோ அந்த இரண்டும் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து ஒரு குடும்பம் வெளியே வர வேண்டுமானால், இவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஒரு அதிகாரி முன்வர வேண்டும். அப்படி ஒருவர் இருந்த ஊர்களில் வேலை நடந்திருக்கிறது.

“மேற்படி கிராமத்தில் நிரந்தரமாக வசித்து வருபவரும், சொந்தமாக வீடோ வீட்டுமனையோ வேறெங்கும் இல்லாதவருமான…”

இந்த உரையில் நான் அதிக நேரம் நிற்கப் போகும் வரிகளில் இது ஒன்று.

சொந்த மனை இல்லாதவர் என்ற பாதி நியாயமானது. நிரந்தரமாக வசித்து வருபவர் என்ற பாதியை யார் சரிபார்க்கிறார்? கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும். எப்போது வந்து பார்க்கிறார்கள்? அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது. கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறவர்கள் துளசிமணி வாங்குவார்கள். தை பிறந்தால் பழனியில் பூசம். பங்குனி உத்திரத்துக்கு மீண்டும் பழனி. அதை ஒட்டி உடுமலை மாரியம்மன் தேர், சுற்றுவட்டார ஊர்களின் நோன்பிகள். இந்த மாதங்களில் கூடாரத்தில் ஆள் இருந்தால் அன்றைக்கு வியாபாரம் இல்லை என்று அர்த்தம். விசாரணைக்கு வருகிறவர் கண்ணில் படுவது சுருட்டி வைத்த தார்ப்பாயும், காவலுக்கு விட்ட ஒரு முதியவரும்தான். ‘மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை’ என்று அறிக்கை போய்விடும். அறிக்கை எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் ‘வசிக்கிறார்’, ‘வசிக்கவில்லை’ என்ற இரண்டுக்கு நடுவில் வேறு கட்டம் இல்லை.

கடல் கடந்து ஒரு நாட்டில் இதே கேள்வி தலைகீழாக நடந்தது. பிரிட்டனில் ரோமானி ஜிப்சிகளும் ஐரிஷ் டிராவலர்களும் கேரவன் வண்டிகளில் வாழ்ந்து பழகிய மக்கள். ரோமானி மொழி இந்தோ-ஆரிய மொழி. நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலியும் அதே பெரும் குடும்பம். 1968இல் அங்கே ஒரு சட்டம் வந்து, இவர்களுக்குத் தங்குமிடங்கள் அமைத்துத் தருவது உள்ளாட்சிகளின் கடமை என்றது. 1994இல் வேறொரு சட்டம் அந்தக் கடமையை நீக்கியது. பிறகு 2012இல், தங்குமிடத் தேவையைக் கணக்கிட்டு ஐந்து ஆண்டுக்குப் போதுமான இடங்களைத் தங்கள் திட்டத்திலேயே உள்ளாட்சிகள் குறித்து வைக்க வேண்டும் என்று ஒரு திட்டமிடல் கொள்கை இங்கிலாந்துக்கு வந்தது. 2015இல் அந்தக் கொள்கையில் ஒரு திருத்தம்: முதுமையாலோ நோயாலோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ பயணத்தை நிரந்தரமாக நிறுத்திவிட்டவர் இந்தக் கொள்கையின் கணக்கில் இனி டிராவலர் ஆகமாட்டார். ஓடிக்கொண்டிருந்தால்தான் இடம், நின்றுவிட்டால் இல்லை. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. 2023 டிசம்பரில் அரசு பழைய வரையறைக்குத் திரும்பியது.

அங்கே, இன்னும் அலைகிறேன் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். இங்கே, அலைவதை விட்டுவிட்டேன் என்று நிரூபிக்கச் சொல்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரு குடும்பம் தன் பிழைப்புக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நெசவாளிக்கு நூல் எப்படியோ பாசிமணி விற்பவருக்குப் பயணம் அப்படி. வசிக்கும் இடம் ஒன்று, வியாபாரம் பல ஊர் என்பது லாரி ஓட்டுநர்களுக்கும் ஜவுளி வியாபாரிகளுக்கும் உண்டு. அவர்களை யாரும் நிரந்தரமாக வசிக்காதவர் என்று எழுதுவதில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நாடோடி வாழ்க்கையை அழகுபடுத்திப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மழையில் பிளாட்பாரத்தில் பிள்ளையோடு படுப்பதில் எந்த சுதந்திரமும் கிடையாது. வீடு வேண்டும் என்று கேட்பது நரிக்குறவர்களேதான், பல பத்தாண்டுகளாக. திருச்சி அருகே தேவராயநேரியில் ஓர் ஊராகவே நிலைகொண்டு வாழ்கிறார்கள். அங்கிருந்து புறப்பட்டுப் போய் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். வீடும் பயணமும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

“இனம்: பழங்குடியினர் (நரிக்குறவர்)”

இந்த ஒரு கட்டத்தை நிரப்ப அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1965இல் லோகூர் குழு இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்றது. அதற்குப் பின்னும் நெடுங்காலம் இவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருந்தார்கள். 2008இல் தமிழ்நாட்டில் நரிக்குறவர் நல வாரியம் வந்தது. 2021 நவம்பர் 4, தீபாவளி அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு நேரில் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். கோவில் அன்னதானத்தில் உட்கார விடாமல் எழுப்பப்பட்ட ஒரு பெண் அதைப் பொதுவில் கேட்டதிலிருந்து தொடங்கியது அந்தக் கதை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் திருத்தத்தை நிறைவேற்றின. 2023 ஜனவரியில் அது சட்டமானது. நரிக்குறவன், குருவிக்காரன் என்ற பெயர்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் ஏறின.

பழங்குடியினர் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். உடுமலைக் கோட்டத்தில் இருப்பவர் உடுமலையிலேயே வாங்கலாம், அது ஒரு வசதி. தாய் தகப்பன் எந்த ஊர், அவர்களுக்குச் சான்று உண்டா என்று கேட்பார்கள். ஒரு குழந்தை பழனியிலும் இன்னொன்று பொள்ளாச்சியிலும் பிறந்திருக்கும். பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, ஆனால் கையில் சான்று ஏறவில்லை என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, கோட்டாட்சியர் அலுவலகமே குடியிருப்புக்குப் போய் முகாம் போட்டுக் கொடுப்பதுதான் வழி. இன்னொரு நாடோடிச் சமூகமான பூம்பூம் மாட்டுக்காரர் பாடு இன்னும் கடினம். அவர்கள் சான்றுக்காகவே பல மாவட்டங்களில் அலைகிறார்கள்.

“…… கிராமம், புல எண் ……, ஆட்சேபணையற்ற அரசு புறம்போக்கு நிலத்தில்…”

எல்லா வரிகளிலும் கனமான வரி இதுதான். மற்ற வரிகளில் அதிகாரி தடுக்கலாம். இந்த வரியில் ஊரே தடுக்கலாம்.

சட்டத்தின் கண்ணில் ஆட்சேபணை என்பது நிலத்தின் வகை. ஏரி, குளம், வாய்க்கால், ஓடை என்றால் கொடுக்கக்கூடாது. நீதிமன்றங்கள் இதில் கண்டிப்பாக இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். மேய்ச்சல் நிலம், மயானம், பாதை ஆகியவையும் அப்படியே. கோவில் நிலம் அரசு நிலமே அல்ல. இவற்றையெல்லாம் கழித்தால் உடுமலைப் பக்கம் என்ன மிஞ்சும்? பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனமும் அமராவதிப் பாசனமும் உள்ள ஊர்களில் ஒவ்வொரு ஏக்கரும் தென்னை. காற்றாலை வந்த பிறகு வறண்ட காட்டுக்கும் விலை ஏறியது. புறம்போக்காக இருந்த இட்டேரிகள், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதைகள், பலவும் இரண்டு பக்க வேலிக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் அந்த இட்டேரிகளின் கிளுவை வேலியோரம் கௌதாரியும் காடையும் பிடித்தவர்கள் நரிக்குறவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. நிறுத்தியது சரி, ஆனால் வேட்டையை விட்டவர்களுக்கு என்ன வேலை என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பாசிமணி முழுநேரப் பிழைப்பானதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக மிஞ்சுவது ஊருக்கு வெளியே கரடு, பாறைக்குழி, குப்பை கொட்டும் இடத்தை ஒட்டிய சரிவு. சர்வேயர் போய்க் கல் நடுவார். காகிதத்தில் அது மனைதான். அங்கிருந்து பேருந்து நிலையத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ் வந்தால் பெரிது. வியாபாரம் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ராத்திரி கடைசி வண்டியில் முடியும். இப்படிப்பட்ட இடத்தில் கட்டிய வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் குடும்பம் மறுபடி ரயில் நிலையத்துக்குப் பின்னால் வந்து படுத்தால், ‘பட்டா குடுத்தாலும் இவங்க இருக்க மாட்டாங்க’ என்று ஊர் சொல்லும். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் இல்லை.

இரண்டாவது ஆட்சேபணை ஊராருடையது. ஒப்படைக்கு முன்னால் விளம்பரம் செய்து ஆட்சேபணை கேட்பது நடைமுறை. எங்கள் பக்கத்தில் அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்: “குடுக்கறதுல எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, இந்த எடத்துல மட்டும் வேண்டாமுங்க.” எந்த ஊரில் கேட்டாலும் இதே பேச்சு என்றால், எந்த ஊரிலும் இடம் இல்லை என்றுதான் ஆகும். இங்கிலாந்திலும் இதே கதைதான். கொள்கையில் ஐந்தாண்டுக் கணக்கு இருக்கும், விண்ணப்பம் வரும்போது அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு மலைபோல் வரும், உள்ளாட்சி பின்வாங்கும்.

அதனால்தான் இடத்தை மனு வந்த பிறகு தேடக்கூடாது என்கிறேன். ஊருக்கு முழுமைத் திட்டம் போடும்போதே குறித்துவிட வேண்டும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் முழுமைத் திட்டங்கள் வருகின்றன; குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று வண்ணம் தீட்டுகிறார்கள். உடுமலைக்கு அடுத்த முறை அந்த வரைபடத்தைத் திறக்கும்போது, பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலோ பழனிச் சாலையை ஒட்டியோ ஒரு புல எண்ணை நாடோடிச் சமூகங்களின் குடியிருப்புக்கு என்று குறித்தால் போதும். வரைபடத்தில் இருக்கும் இடத்தை மாற்றச் சொல்ல ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கும். இப்போது யாரும் எந்தக் காரணமும் காட்ட வேண்டியதில்லை.

“…பரப்பு 3 சென்ட். நான்கெல்லை: வடக்கே ……, தெற்கே ……, கிழக்கே ……, மேற்கே ……”

கிராமத்தில் மூன்று சென்ட் என்பது வழக்கமான அளவு; நகரத்தில் இன்னும் குறையும். மூன்று சென்ட் என்றால் 1,306 சதுர அடி சொச்சம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. அதைக் கட்டினாலும் முற்றம் மிஞ்சும். அளவில் எனக்குக் குறை இல்லை, அடுக்கும் முறையில் உண்டு.

சர்வேயர் மனைகளை நோட்டுப் புத்தகக் கோடு போல வரிசையாக அடிக்கிறார். குலுக்கலில் யாருக்கு எது விழுந்ததோ அது. நரிக்குறவர்களில் எருமை பலியிடும் பிரிவும் ஆடு பலியிடும் பிரிவும் உண்டு. பெண் கொடுத்து எடுப்பது இந்தப் பிரிவுகளுக்கு இடையில். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சாமி மூட்டை இருக்கிறது. தெய்வத்தின் உருவும் பூசைத் துணிகளும் உள்ள மூட்டை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. தூய்மை காத்து வைத்திருப்பார்கள், கண்டவர் கைபடக்கூடாது. இரவில் குடும்பங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றிச் சமைத்து உண்கின்றன. முதியவர்களிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வெளியூர் போகிறார்கள். குலுக்கலில் தாய் ஒரு மூலையிலும் மகள் இன்னொரு மூலையிலும் விழுந்தால், பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் பழனிக்குப் போக வேண்டும். பிறகு பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளை ‘நீண்ட நாள் வராதவர்’.

ஆகவே கல் நடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: யார் யார் பக்கத்தில் இருக்க விரும்புகிறீர்கள்? நடுவில் ஒரு பொது முற்றம், மணி கோக்க மேற்கூரை உள்ள ஒரு கொட்டகை, மொபெட் நிறுத்த இடம், சாமி மூட்டைக்கு உள்ளே ஓர் அறைமூலை. இங்கிலாந்துத் தங்குமிடங்களில் ஒரு குடும்பத்துக்கான இடத்தில் பெரிய கேரவனுக்கும், பயணத்துக்கான சின்னக் கேரவனுக்கும், சமையலும் குளியலும் உள்ள ஒரு கட்டடத்துக்கும் சேர்த்தே இடம் விடுகிறார்கள். மக்கள் வாழும் விதத்தைப் பார்த்து வரைந்த வரைபடம் அது. நம் சர்வேயருக்கும் அப்படி வரையத் தெரியும், யாரும் கேட்கவில்லை.

“ஒப்படைதாரர் குறித்த காலத்துக்குள் மேற்படி மனையில் வீடு கட்டிக் குடியேற வேண்டும்.”

கட்டப் பணம்? மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம் ரூபாய். 2024இல் தொடங்கிய கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம். இரண்டிலும் கட்டுமான நிலையைப் பார்த்துத் தவணை தவணையாகத்தான் பணம் வரும். முதல் செங்கல் லோடுக்குக் கையில் காசு வேண்டும். அன்றாடம் விற்று அன்றாடம் சாப்பிடும் குடும்பம் வட்டிக்கு வாங்கும். அஸ்திவாரத்தோடு நிற்கும் வீடுகள் இப்படி உருவானவை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு சீர்மரபினர், நாடோடி, அரைநாடோடி சமூகங்களுக்கு என்று 200 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. படிப்பு, மருத்துவக் காப்பீடு, வாழ்வாதாரம் இவற்றோடு வீடும் அதில் ஓர் அங்கம். இந்தியா முழுமைக்கும் 200 கோடி. கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

“ஒப்படை செய்யப்பட்ட மனையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கவோ, வேறு வகையில் உரிமை மாற்றவோ கூடாது.”

நல்ல நிபந்தனை. இது இல்லாவிட்டால் தேர்த்திருவிழா முடிவதற்குள் வட்டிக்காரர் கையில் போய்விடும். அடுத்த வரிக்குப் போவோம்.

“நிபந்தனைகளை மீறினால் ஒப்படை ரத்து செய்யப்பட்டு, நிலம் இழப்பீடின்றி அரசு வசம் எடுத்துக்கொள்ளப்படும்.”

சாதாரணக் குடும்பத்துக்கு இது படிக்காமல் தாண்டும் வரி. இடம்பெயர்ந்து வாழ்கிறவர்களுக்கு இது பழைய பயம். 1871இல் தொடங்கி 1911இல் விரிவாக்கப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட குடிகள் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், இடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். செட்டில்மெண்ட் என்ற பெயரில் குடியிருப்புகளில் அடைக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. இன்றைய ஆந்திரத்தில் உள்ள ஸ்டூவர்ட்புரத்தை இரட்சண்ய சேனை நடத்தியது. நாடோடிகளுக்கு அரசு திட்டம் போட்டு அமைத்த பழைய குடியிருப்புகள் அவை. அங்கே ஊரில் இல்லாமல் போவதே குற்றம். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் போனது, நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இல்.

இன்றைய ஆணையை அந்தச் சட்டத்தோடு ஒப்பிடுவது அநியாயம். ஒன்று அடைக்க வந்தது, மற்றது கொடுக்க வருகிறது. இருந்தாலும், மூன்று மாதம் வீடு பூட்டியிருந்தது என்பதற்காக ஒருவர் ரத்து நோட்டீஸ் வாங்கினால், ஊரில் இல்லாததற்குத் தண்டனை என்ற பழைய முறையேதான் அது. இந்த வரிக்குக் கீழே ஒரு வாக்கியம் சேர்த்தால் தீரும்: தொழில் நிமித்தம் வெளியூரில் தங்கியிருப்பது நிபந்தனை மீறலாகாது.

இதுவரை ஆணையில் எழுதியிருப்பதைப் பார்த்தோம். எழுதாமல் விட்டதற்கும் உரை சொல்வது உரைகாரர் கடமை. வீடு கொடுத்தாகிவிட்டது, பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் தேர்த்திருவிழாவுக்கும் போகிற இரவுகளில் இவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதற்கு ஆணையில் ஒரு சொல் கிடையாது. வேறு எங்கும் இல்லையா என்று பார்த்தால், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3இல், நாடோடி மற்றும் மேய்ச்சல் சமூகங்கள் பருவத்துக்குப் பருவம் வந்து வளங்களைப் பயன்படுத்தும் மரபை ஓர் உரிமையாகவே ஏற்றுக்கொள்கிறது. உடுமலைக்குத் தெற்கே ஆனைமலைக் காட்டுக்குள் பருவத்துக்கு வந்து போகிறவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அந்த மலையடிவாரத்தில், திருமூர்த்தி மலையிலிருந்து உடுமலைச் சந்தை வரை, பருவத்துக்கு வந்து போகிறவருக்கு இல்லை. காட்டுக்குப் பொருந்தும் நியாயம் ஊருக்கும் பொருந்தும்.

செலவு பெரிதல்ல. திருவிழாவுக்கு வருகிற கடைகளுக்கு நகராட்சி இடம் ஒதுக்குகிறது, வண்டி நிறுத்த மைதானம் ஒதுக்குகிறது. அதே கூட்டத்துக்காக வரும் முப்பது நாற்பது குடும்பங்களுக்கு ஒரு மைதானத்தின் ஓரம், ஒரு தண்ணீர்க் குழாய், பூட்டில்லாத கழிப்பறை, ஒரு விளக்கு. 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் நடந்து விற்கும் வியாபாரியையும் வியாபாரி என்றே ஏற்கிறது. அவர்களைப் பதிவு செய்து அடையாள அட்டை கொடுக்கும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. அட்டை இருந்தால் பேருந்து நிலையத்தில் லத்தியால் தட்டி எழுப்புகிறவரிடம் காட்ட ஒன்று கையில் இருக்கும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம். கோட்டாட்சியர், நகராட்சி ஆணையர், கோவில் நிர்வாகம் மூவரும் தைக்கு முன் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் முடியும்.

இந்த வரிகளைப் படித்த உடுமலை, மடத்துக்குளம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஏதாவது ஒன்றில் உங்கள் ஊரில் நரிக்குறவர் குடும்பங்களுக்கு மனை ஒதுக்கும் பேச்சு வந்தால், ஆட்சேபணை மனுவோடு போகாதீர்கள். குறித்த இடம் உண்மையிலேயே சரியில்லை என்று பட்டால், அதே ஊரில் அதைவிட நல்ல வேறொரு புல எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.